மெருகுக்கு அடியில்

1950களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் செய்த ஃபெண்டர் கிட்டார் ஒன்றை இன்று யாராவது பழுதுபார்க்கத் திறந்தால், ஒயர்களுக்கு நடுவே சில சமயம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் கிடைக்கும். பழுப்பேறி ஓரம் சுருண்டிருக்கும். அதில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். மேரி, அல்லது குளோரியா. அந்தக் கிட்டாருக்கு ஒயர் பற்றவைத்தவர். திருகுகளைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்தால், அதன் அடிக்கட்டையில் பென்சிலால் ஒரு தேதி. சிலவற்றில் தேதியோடு டி.ஜி. என்று இரண்டெழுத்து. டடேயோ கோமெஸ் என்ற தொழிலாளியின் பெயர்ச் சுருக்கம் அது. கழுத்தின் பின்புறத்தை உள்ளங்கைக்கு இதமாக உருட்டி எடுப்பது அவர் வேலை.

இந்த எழுத்துகள் எல்லாமே வாங்குபவரின் கண் படாத இடங்களில் இருக்கின்றன. வெளியே தெரிகிற பரப்பில் ஒரு ரம்பப் பல்லின் தடம்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, சீலர் அடித்து, வண்ணம் அடித்து, அதன் மேல் லாக்கர் அடித்து, பஞ்சுச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிய பிறகுதான் பெட்டியில் வைத்தார்கள். நம் ஊர் மரவேலைக்காரர்கள் "வேலை முடிஞ்சுது சார், பினிஷிங்தான் பாக்கி" என்பார்கள். அந்த வாக்கியத்தில் வேலை வேறு, பினிஷிங் வேறு. முன்னது செய்வது, பின்னது செய்ததை மறைப்பது. மின்கிட்டாரைப் பற்றி நான் எதைப் படித்தாலும் கடைசியில் இந்த மறைப்பில்தான் வந்து நிற்கிறேன்.

லியோ ஃபெண்டர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். 1938இல் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய பெரிய பலமாகத் தோன்றுகிறது. இசைக்கலைஞனுக்குக் கிட்டார் மேல் பக்தி இருக்கும். ரிப்பேர்காரனுக்கு அது நாளைக்குத் திரும்பி வரப்போகும் பொருள். அதுவரை கிட்டார் என்றால் உள்ளே கூடான பெட்டி. கழுத்தை உடலோடு பொருத்திப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். கழுத்து வளைந்தால் நீராவி காட்டி ஒட்டை இளக்கிப் பிரிக்கவேண்டும். லியோ ஒரு கெட்டிப் பலகையை உடலாக்கினார். கழுத்தைத் தனியாகச் செய்து, பின்னால் ஓர் இரும்புத் தகடு வைத்து, நான்கு திருகுகளால் முடுக்கினார். கழுத்து கெட்டால் வேறு கழுத்து. அவ்வளவுதான். கிட்டாரின் கழுத்தை உதிரிபாகம் ஆக்கியது பார்க்க நாகரிகமாக இல்லை என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் இருந்தார்கள். 1950இல் அது பிராட்காஸ்டர் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதே ஒலியுள்ள பெயரில் கிரெட்ஷ் நிறுவனத்தின் டிரம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்ததால் அடுத்த ஆண்டே பெயர் டெலிகாஸ்டர் என்று மாறியது. இடையில் சில மாதம், அச்சடித்து வைத்த ஒட்டுத்தாளை வீணாக்காமல், பெயர்ப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டி அனுப்பினார்கள். கணக்குப்பிள்ளையின் புத்தி. அந்தப் பெயரில்லாக் கிட்டார்களுக்கு இன்று தனி மவுசு.

1959இல் ஆலை மேலாளர் ஃபாரஸ்ட் வைட் எடுத்த சிறிய வண்ணப்படம் ஒன்று இருக்கிறது. ஒலி இல்லாத படம். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆஷ் அல்லது ஆல்டர் மரப் பலகைகளை ஒட்டி, ஒன்றேமுக்கால் அங்குலத் தடிமனுக்கு இழைத்து, அச்சுப்பலகையை வைத்து பேண்ட்சாவில் வெட்டுவார்கள். பிறகு ரூட்டர், பிறகு தேய்ப்பு. இந்தத் தேய்ப்புதான் என்னை இழுக்கிறது. சுழலும் உப்புத்தாள் பட்டையில் ஓர் ஆள் கிட்டார் உடலைக் கையால் பிடித்து, இடுப்பை வளைத்து, ஓரத்தை உருட்டுகிறார். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மேல்விளிம்பில் முழங்கை படியும் சரிவும், பின்னால் வயிறு பொருந்தும் குழிவும் உண்டு அல்லவா, அவை 1954இல் வந்தவை. அந்தக் காலத்துக் கிட்டார் இரண்டை அருகருகே வைத்தால் சரிவுகள் ஒத்துப்போகா. அச்சு ஒன்றுதான், தேய்த்த தோள் வேறு.

கழுத்துக்கு மேப்பிள் மரம். உள்ளே, கம்பிகளின் இழுவைக்கு எதிராக நிற்க ஓர் எஃகுக் கம்பி. ஃபெண்டரில் அதைப் பின்பக்கம் வழியாகச் செருகி, வெட்டிய பள்ளத்தை வால்நட் மரக்கீற்றால் அடைத்தார்கள். வெளிர்மரத்தின் நடுவே கரும்பட்டை ஓடும். மறைக்கவேண்டிய தையல் அடையாளமாகிவிட்டது. முன்பக்கம் மெட்டுகள். வீணையில் மெழுகில் பதித்த மெட்டை ஆசாரி காதால் கேட்டு நகர்த்தி வைப்பார். ஆலையில் கேட்க நேரமில்லை, கணக்குதான். மொத்த நீளம் இருபத்தைந்தரை அங்குலம். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படிப் போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வந்து விழும். ரம்பங்களை ஒரே தண்டில் வரிசையாகக் கோத்துவிட்டால் எல்லாப் பள்ளத்தையும் ஒரே மூச்சில் அறுத்துவிடலாம்.

மேப்பிள் கழுத்துக்கு ஒரு தொல்லை. வெளிர்நிறம் என்பதால் விரல்படும் இடத்துக்கும் லாக்கர் அடித்தாகவேண்டும். வாசிக்க வாசிக்க லாக்கர் தேய்ந்து, மரம் வெளிப்பட்டு, வியர்வையும் அழுக்கும் ஏறிச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போது தொலைக்காட்சி வந்திருந்தது. தன் கிட்டாரின் கழுத்து அதில் அழுக்காகத் தெரிவது லியோவுக்குப் பிடிக்கவில்லை. 1958இல் ஜாஸ்மாஸ்டர் என்ற மாடலில், அடுத்த ஆண்டு மற்றவற்றில் என்று, விரல் ஓடும் பலகையை ரோஸ்வுட்டுக்கு மாற்றினார். எண்ணெய்ப் பசையுள்ள கருமரம். பூச்சே வேண்டாம். முதலில் பிரேசில் மரம். 1960களின் நடுவிலிருந்து பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட்.

இந்திய ரோஸ்வுட் என்றால் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் நிற்கும் மரம். மலையில் வீடு கட்டிய வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசை எல்லாம் அதுதான். ஆலைக் கிட்டாரில் தலையிலிருந்து வால்வரை எல்லா மரத்தின் மேலும் பூச்சு இருக்கிறது. பூச்சில்லாமல் வெறும் மரத்தை விரல் தொடுவது அந்த இரண்டு அங்குல அகலப் பலகையில் மட்டும். அது நம் மலையிலிருந்து போனது என்று தெரிந்த நாளில் எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது. பிறகு கூச்சமாகவும் இருந்தது. மரத்தை அறுத்து அனுப்பியதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது அது. 2017இல் ரோஸ்வுட் இனங்கள் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. கிட்டார் ஏற்றுமதிக்கே காகிதம் கேட்டார்கள். ஃபெண்டர் தன் மெக்சிகோ ஆலைக் கிட்டார்களுக்கு பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்தைப் போட்டது. இரண்டே ஆண்டில், 2019இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

பிக்கப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற மெல்லிய எனாமல் செப்புக்கம்பி, ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். சுற்றும் சக்கரத்தை மோட்டார் ஓட்டும். ஆனால் கம்பியை இடமும் வலமுமாக நகர்த்திக்கொடுத்தவை பெண்களின் விரல்கள். கொஞ்சம் இறுக்கினால் கம்பி அறும், தளர்த்தினால் சுருள் குலையும். அபிகேல் இபார்ரா 1956இல் ஃபெண்டரில் சேர்ந்து, 2013இல் ஓய்வு பெறும்போது உலகெங்கும் கிட்டார்க்காரர்கள் அறிந்த பெயராகியிருந்தார். அவர் கையெழுத்திட்ட பிக்கப்புக்குக் காத்திருந்து வாங்கினார்கள். கையால் சுற்றும்போது வரிசை கொஞ்சம் கலையும், அந்தக் கலைவில்தான் ஒலி இருக்கிறது என்பது நம்பிக்கை. இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஆலை அந்தக் கலைவை விரும்பிச் செய்யவில்லை. அதை ஒழிக்கும் எந்திரம் வாங்கும்வரை பொறுத்துக்கொண்டது.

இனி வண்ணம்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் கதை பருத்தியில் தொடங்குகிறது. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்தால் வெடிபஞ்சு. நைட்ரேட் ஏற்றத்தைக் குறைத்து, கரைப்பானில் கரைத்தால் லாக்கர். வெடிமருந்துக் கம்பெனியாகத் தொடங்கிய டூபாண்ட்தான் இதை டூகோ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்தது. 1924இல் ஓக்லண்ட் கார்கள் நீல நிற டூகோவில் வந்தன. அதற்கு முன் ஒரு காருக்கு எண்ணெய் வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். இது சில நாளில் முடிந்தது. ஃபுல்லர்ட்டனில் கார் பெயிண்ட் கடைக்குப் பஞ்சமில்லை. ஃபெண்டரின் 1956 விலைப்பட்டியலில் ஐந்து சதவீதம் அதிகம் கொடுத்தால் விரும்பிய டூகோ நிறத்தில் கிட்டார் என்று போட்டிருந்தார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூ காடிலாக்கின் நிறம். ஒரு வயலினுக்குக் கார் பெயிண்ட் அடித்திருந்தால் கொலைக்குற்றம் மாதிரி பேசியிருப்பார்கள்.

சாதாரண நிறம் சன்பர்ஸ்ட். நடுவில் மஞ்சள், ஓரம் நோக்கிப் போகப்போகக் கறுப்பு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெறும் அழகுக்கு அல்ல. ஒட்டிய பலகைகளின் இணைப்பு ஓரத்தில்தான் பளிச்சென்று தெரியும். கறுப்பு அதை விழுங்கிவிடும். வண்ணம் அடிக்கும்போது உடலின் முகப்பில் சில ஆணிகளை அடித்து அவற்றையே கால்களாக்கி நிறுத்துவார்கள். காய்ந்ததும் ஆணியைப் பிடுங்கினால் துளை நிற்கும், பிளாஸ்டிக் தகடு அதை மூடிக்கொள்ளும். இன்று பழைய கிட்டார் வாங்குபவர்கள் முதலில் தேடுவது இந்தத் துளையை. துளைக்குள் வெறும் மரம் தெரிந்தால் அசல் பூச்சு. துளைக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால் பின்னால் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள், விலை பாதியாகிவிடும். பினிஷிங் நேர்மையானதா என்று சொல்ல, பினிஷிங் படாத ஒரு துளைதான் சாட்சிக்கு வருகிறது.

1958இல் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே சிவப்பைச் சேர்த்தார்கள். அந்தச் சிவப்பு வெயில் தாங்காது. சில ஆண்டில் பலவற்றில் பறந்துபோய் மறுபடி இரண்டு நிறமாகிவிட்டது. இதே கதை மிச்சிகனில் கலமஸூவில் இருந்த கிப்ஸன் ஆலையிலும் நடந்தது. 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் கிட்டார்களில் இருந்த செர்ரிச் சிவப்பு வெளிறியது. எல்லாம் ஒன்றுபோல வெளிறவில்லை. கடை ஜன்னலில் தொங்கியது எலுமிச்சை நிறமானது, கட்டிலடியில் கிடந்தது சிவப்பாகவே இருந்தது, நடுவில் தேன் நிறம், தேநீர் நிறம். 1960இல் ஆலை வெளிறாத சாயத்துக்கு மாறியது. பொறுப்பான நிர்வாகம் செய்யவேண்டியதைத்தான் செய்தது. இன்று சில லட்சம் டாலர் கொடுத்துத் தேடுவது அந்த வெளிறிய மூன்று ஆண்டுச் சரக்கை. ஒரே அச்சில், ஒரே சாயத்தில் வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது, சாயம் வாங்கிய அதிகாரியின் சிக்கனம்.

நைட்ரோ பூச்சு முழுதாகக் காய்வதே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. மிகையாக இருந்தாலும், அதில் கொஞ்சம் உயிருள்ள பொருளின் குணம் இருப்பது உண்மை. வெள்ளை நாளாவட்டத்தில் வெண்ணெய் நிறமாகும். நீலத்தின் மேல் அடித்த கண்ணாடி லாக்கர் மஞ்சளிப்பதால் நீலம் பச்சைக்குச் சாயும். குளிரில் கிடந்து சட்டென்று சூட்டுக்கு வந்தால் குளத்துச் சேறு வெடிப்பதுபோல மயிரிழை வெடிப்பு ஓடும். சில ரப்பர் ஸ்டாண்டில் சாத்திவைத்தால் ரப்பர் பட்ட இடம் உருகும். இதெல்லாம் குறைகள். 1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கிய சி.பி.எஸ். நிறுவனத்துக்கும் குறைகளாகவே பட்டன. 1960களின் கடைசியில் பாலியெஸ்டர் வந்தது. தடித்த, கெட்டியான, கண்ணாடி போன்ற ஓடு. வெளிறாது, வெடிக்காது. நைட்ரோ ஒவ்வொரு பூச்சும் முந்திய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகும், பாலியெஸ்டர் இறுகியபின் எதனோடும் சேராது. இன்று புற ஊதா விளக்கின் கீழ் சில நிமிடத்தில் இறுகிவிடும் வகைகள் இருக்கின்றன. கரைப்பான் ஆவியை மூச்சிழுத்து நின்ற தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைட்ரோதான் மரத்தை மூச்சுவிட அனுமதிக்கிறது, அதனால்தான் பழைய கிட்டார் பாடுகிறது என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். ஃபெண்டர் 1963 வாக்கிலேயே நைட்ரோவுக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற கரையாத சீலரை அடித்து மரத்துளைகளை அடைத்துவிட்டது. மூச்சுவிடும் என்று சத்தியம் செய்யப்படும் கிட்டார்களில் பல அதற்குப் பிந்தியவை. காதுக்கு இல்லாத வித்தியாசத்தைக் கண் உண்டாக்கிக்கொள்கிறது என்பதே என் சந்தேகம்.

உதிரிபாகம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் சாட்சி. 1970இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். அப்போது அவற்றுக்கு மதிப்பில்லை. மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றிலிருந்து நல்ல உடல், நல்ல கழுத்து, நல்ல பிக்கப் என்று பொறுக்கி ஒரு கிட்டாரைச் சேர்த்தார். அதன் பெயர் பிளாக்கி. 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. ஊர்பேர் தெரியாத பலர் வெவ்வேறு நாட்களில் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று இடறாமல் பொருந்தின என்பதைவிட அந்த ஆலைக்கு வேறு நற்சான்று தேவையில்லை. ஆனால் விலை அதற்காகக் கிடைக்கவில்லை.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் 1963இல் கார்க் நகரக் கடையில் நூறு பவுண்டுக்கு, தவணையில், 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று வாங்கினார். அதை முதலில் தருவித்தவர் சிவப்பு கேட்டிருந்தார், வந்தது சன்பர்ஸ்ட். அதனால் கைமாறிய கிட்டார். ஒருமுறை திருடுபோய், மழையில் ஒரு பள்ளத்தில் கிடந்து திரும்பியது. அவர் மேடையில் கொட்டும் வியர்வையில் பூச்சு உரிந்தது. அபூர்வ ரத்த வகை, அமில வியர்வை என்றெல்லாம் கதை கட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் ஒரே கிட்டாரை ஓயாமல் வாசித்தால் சாதாரண வியர்வையே போதும். கடைசியில் மரம்தான் மிச்சம், ஓரங்களில் தீவுகளாகக் கொஞ்சம் சன்பர்ஸ்ட். 1995இல் அவர் இறந்தார். 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் கமிஷனோடு ஒன்பது லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகப் போனது. அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினார்கள்.

அவர் இறந்த அதே 1995இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் பிரிவு, ரெலிக் என்ற வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதுக் கிட்டாரைச் செய்து, நைட்ரோ அடித்து, மெருகேற்றி, பிறகு அதைச் சிதைப்பது. உப்புத்தாளால் முழங்கை படும் இடத்தை உரிப்பார்கள். சாவிக்கொத்தால் தட்டுவார்கள். குளிரவைத்து லாக்கரை வெடிக்கவைப்பார்கள். இரும்புத் திருகுகளை அமில ஆவியில் காட்டுவார்கள். தேய்மானத்துக்குத் தரவரிசை உண்டு, கூடுதல் தேய்மானத்துக்குக் கூடுதல் விலை. ரோரியின் கிட்டாரையும் உரிந்த இடம் உரிந்தபடி நகலெடுத்து விற்றார்கள்.

இதைக் கேலி செய்வது எளிது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியை நினைத்தால் கேலி கொஞ்சம் அடங்குகிறது. இல்லாத ஒரு மனிதனை அவர் கற்பனை செய்யவேண்டும். அவன் உயரமா, பெல்ட் பக்கிள் பெரிதா, முழங்கை எங்கே படும், சிகரெட்டைத் தந்தி நுனியில் செருகிவைப்பவனா, எந்தச் சுருதியில் அதிகம் பாடுவான், அதனால் எந்த மெட்டருகே மரம் கறுக்கும். இடுப்பு படாத இடத்தில் உரித்துவிட்டால் பார்ப்பவன் உடனே பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். சிறுகதை எழுதுகிறவனுக்கு இருக்கும் அதே பிழைப்பு, அதே பயம். ஃபுல்லர்ட்டன் தொழிலாளி தன் கையை மறைத்தார். இவர் தன் கையை இன்னொருவன் கைபோலக் காட்டுகிறார். இரண்டிலும் இவர்கள் பெயர் மெருகுக்கு அடியில்தான்.

என்னிடம் இருப்பது மலிவான கிட்டார், கிழக்காசிய ஆலை ஒன்றில் செய்த நீலநிறம். மூன்று பாட்டு வாசிப்பேன், அதில் ஒன்று அரைகுறை. போன வருடம் கட்டிலிலிருந்து சரிந்து மொசைக் தரையில் விழுந்தது. கீழ்விளிம்பில் நகத்தளவு சில்லு ஒன்று கண்ணாடிபோலத் தெறித்தது. எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெள்ளை, ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தெறித்த இடத்தில் வெளிர்மஞ்சளாக மரம். அதுவரை அதில் மரம் இருக்கிறது என்று நான் நினைத்ததேயில்லை. பக்கத்திலேயே இரண்டு பலகை ஒட்டிய கோடு தெரிந்தது.

சில்லை ஒட்டவைக்கப் பார்த்து, ஒட்டாமல், மகளின் நெயில்பாலிஷில் நீலம் இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்குப்பா?" என்றாள். கொடுத்தாள். புட்டியின் பின்னால் பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல். அதில் நைட்ரோசெல்லுலோஸ் என்று போட்டிருந்தது. மூன்று பூச்சு அடித்தேன், பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விட்டு. நிறம் பொருந்தவில்லை. போன வாரம் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் பச்சைக்குத் திரும்பியிருந்தது.